கப்பல் தரைதட்டினால்: இடித்த நிமிடத்திலிருந்து மிதக்கும் நாள் வரை

மாரி முடிந்த கையோடு ஒரு காலை மட்டக்களப்பு முகத்துவாரத்துக்குப் போய், பாலமீன்மடு வெளிச்சவீட்டடியில் நின்று பாருங்கள். கடலிலிருந்து உள்ளே வரும் பைபர் போட்டுகளில் ஒன்றாவது மணல்மேட்டில் ஏறும். பெடியன் புதியவன் என்றால் உடனே எஞ்சினைப் பின்னுக்குப் போட்டு முறுக்குவான். மணல் கலங்கித் தண்ணீர் தேயிலைச் சாயமாகும், போட் அசையாது. கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கும் பெரியவர் தலை நிமிராமலே சொல்வார்: "எஞ்சினத் தூக்கு மனே. இறங்கி எவ்வளவு தண்ணி எண்டு பாரு முதல்ல."

300 மீற்றர் நீளச் சரக்குக் கப்பலுக்கும் செய்முறை ஏறக்குறைய இதுதான். வித்தியாசம், கப்பலில் இறங்கிப் பார்க்க முடியாது. அளந்து பார்க்க வேண்டும், கணக்குப் போட வேண்டும், பல பேருக்கு அறிவிக்க வேண்டும், பிறகு காத்திருக்க வேண்டும். கல்லடியிலிருந்தும் கல்முனையிலிருந்தும் டெக் கடெட்டாகவும் (பயிற்சி அதிகாரி) மாலுமியாகவும் கப்பலேறப் போகும் பிள்ளைகளை நினைத்து இதை எழுதுகிறேன். கொழும்பிலிருந்து கொல்கத்தாவுக்கும் சிட்டகொங்குக்கும் ஓடும் சிறிய கொள்கலன் கப்பல்களில்தான் நம்மவர்கள் பலர் தொடங்குகிறார்கள். கொல்கத்தாவுக்கு ஹூக்ளி, சிட்டகொங்குக்குக் கர்ணபுளி. இரண்டுமே ஆற்றுத் துறைகள்.

இடிக்கும் முன்: ஆறு கடலைப் போல நடக்காது

ஆறு எவ்வளவு அகலமாக இருந்தாலும் கப்பலுக்கு உரியது அதில் தோண்டிய ஒரு வாய்க்கால் மட்டும்தான். இரு கரையும் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்க, மிதவைகளுக்கு வெளியே 100 மீற்றர் தள்ளினால் நிலம். மட்டக்களப்பு வாவியில் தோணி விட்டவனுக்கு இது புரியும். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் தண்ணீர், ஆனால் தோணி போகும் தடம் ஒன்றுதான்.

மூன்று விசயங்களை முதல் நாளே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்று, நன்னீர். கடல் நீரை விட நன்னீரில் கப்பல் ஆழமாக அமிழும். கடலில் 10 மீற்றர் அமிழ்வோடு (நீர்மட்டத்துக்குக் கீழே கப்பல் இறங்கி நிற்கும் ஆழம்) வந்த கப்பல், உப்பே இல்லாத ஆற்று நீரில் 20 முதல் 25 சென்ரிமீற்றர் வரை கூடுதலாக இறங்கும். யாரும் சரக்கு ஏற்றவில்லை, ஆனாலும் அடிப்பாகம் நிலத்தை நெருங்கிவிட்டது.

இரண்டு, வேகம். ஆழம் குறைந்த நீரில் ஓடும் கப்பல் தனக்குக் கீழே உள்ள தண்ணீரை வேகமாகப் பின்னுக்குத் தள்ளுகிறது. அங்கே அழுத்தம் குறைந்து கப்பல் குந்துகிறது. எவ்வளவு குந்தும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. ஒடுங்கிய கால்வாயில் வேகத்தை (நொட்டில்) அதே எண்ணால் பெருக்கி, கப்பலின் தடிப்புக் குணகத்தாலும் (நீருக்குள் இருக்கும் உடல் ஒரு பெட்டியின் வடிவத்தை எவ்வளவு நிரப்புகிறது என்ற எண்) பெருக்கி, 50ஆல் பிரித்தால் மீற்றரில் விடை வரும். குணகம் 0.8 உள்ள கப்பல் 10 நொட் ஓடினால் 1.6 மீற்றர். அதே கப்பல் 5 நொட்டில் வெறும் 0.4 மீற்றர். வேகத்தைப் பாதியாக்கினால் குந்தல் காலாகிறது. அடியில் ஒரு மீற்றர் தண்ணீர் இருக்கிறது என்று எக்கோ சவுண்டர் காட்டும்போது பிந்திவிட்டோம் என்று வேகத்தைக் கூட்டச் சொல்லும் ஆளுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

மூன்று, கரை. கால்வாயின் ஓரமாகப் போகும் கப்பலின் பின்பக்கத்தைக் கரை இழுக்கும், முன்பக்கத்தைத் தள்ளும். சுக்கான் பிடிப்பவர் நேராகத்தான் பிடிக்கிறார், கப்பலோ எதிர்க்கரையை நோக்கித் திரும்புகிறது.

இதோடு மணல் இடம் மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆற்றுக்குப் போகத் தேவையில்லை, ஒலுவிலுக்குப் போனால் போதும். 2013இல் திறந்த துறைமுகம். கரையோரமாக வடக்கே நகரும் மணலை அலைதடுப்புச் சுவர் மறித்தது. மணல் வாயில் குவிந்து வழியை அடைத்தது, வடக்குப் பக்கத்தில் கரை அரிந்து தென்னைகள் கடலுக்குள் விழுந்தன. போன மாதத்து வரைபடத்தை நம்பி இந்த மாதம் உள்ளே போக ஏலாது என்று அந்த ஊர் மீனவர் எவரும் சொல்வார். ஹூக்ளியிலும் அதே கதைதான். கடல் முனையிலிருந்து கொல்கத்தா வரை பைலட், அதாவது அந்த ஆற்றை அறிந்த வழிகாட்டி, ஏறி நடத்தும் தூரம் 200 கிலோமீற்றருக்கும் மேல். ஜேம்ஸ் அன்ட் மேரி என்ற அங்குள்ள மணல்மேட்டுக்கு, 1694இல் அங்கே அழிந்த ஒரு கப்பலின் பெயர்தான் இன்னும் இருக்கிறது.

இடித்தது என்று எப்படித் தெரியும்?

சினிமாவில் வருவது போல எல்லோரும் உருண்டு விழ மாட்டார்கள். சேற்றில் ஏறும் கப்பல் பெரும்பாலும் சத்தமே போடாது. ஜீபிஎஸ் காட்டும் வேகம் குறையும், எஞ்சின் அதே சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும். பின்னால் எழும் தண்ணீர் மண்ணிறமாகும். அதிர்வு மாறும். சுக்கானுக்குக் கப்பல் மறுமொழி சொல்லாது. சிலவேளை ஒரு பக்கம் மெல்லச் சாயும். இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு சத்தமாகச் சொல்லுங்கள்.

சத்தமாகச் சொல்வது பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2022 மார்ச் 13ஆம் திகதி, எவர் ஃபோர்வர்ட் என்ற 334 மீற்றர் கப்பல் அமெரிக்காவின் பால்டிமோரிலிருந்து செசபீக் விரிகுடா வழியாக வெளியே போனது. கிரெய்க்ஹில் கால்வாயில் திரும்ப வேண்டிய இடத்தில் அது திரும்பவில்லை. நேரே போய்ச் சேற்றில் ஏறியது. விசாரணை அறிக்கையைப் படித்தால் வயிறு எரியும். அந்தப் பயணத்தில் பைலட் தொலைபேசியில் மட்டும் ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் பேசியிருக்கிறார். திரும்ப வேண்டிய நேரத்தில் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தார். கப்டன் சாப்பிடக் கீழே இறங்கியிருந்தார். கப்பலை நடத்தும் மேலறையான பிறிட்ஜில் இருந்த மூன்றாம் அதிகாரிக்கு, தேர்ட் மேட்டுக்கு, கப்பல் திரும்பவில்லை என்பது தெரிந்திருக்கிறது. அவர் கப்பலின் திசையை வாய்விட்டுச் சொல்லிக் குறிப்புக் காட்டிப் பார்த்தார். "சேர், திரும்பும் இடம் தாண்டிவிட்டது" என்று நேரே சொல்லவில்லை.

அந்த தேர்ட் மேட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் வீடுகளிலும் அப்படித்தானே வளர்க்கிறார்கள்? பெரியவர் பிழையாகச் சொன்னாலும் "இல்லை மாமா" என்று சொல்லாமல் தொண்டையைச் செருமிக் காட்டுவோம். பிறிட்ஜில் தொண்டையைச் செருமுவது போதாது. பைலட் ஆலோசனைதான் சொல்கிறார், கப்பலின் பொறுப்பு கப்டனுடையது, காவலில் நிற்கும் அதிகாரி கப்டனின் கண். மரியாதையாக, ஆனால் நேராகச் சொல்லுங்கள்: "பைலட், திசை 161. திரும்பும் புள்ளி தாண்டிவிட்டது. வலப்பக்கம் திருப்புகிறீர்களா?" பதில் வராவிட்டால் கப்டனைக் கூப்பிடுங்கள். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

முதல் ஐந்து நிமிடம்

எஞ்சினை நிறுத்துங்கள். கை தானாகப் பின்னோட்டத்துக்குத்தான் போகும், போக விடாதீர்கள். பின்னோக்கி முழு வேகம் கொடுத்தால் புரொப்பெல்லர் கிளப்பும் சேறும் மணலும் கப்பலின் அடியிலேயே வந்து படியும். எஞ்சினைக் குளிர்விக்க உறிஞ்சும் தண்ணீரோடு சேறு ஏறிக் குழாய்கள் அடைபடும். அடியில் கல் இருந்தால் தட்டியதோடு நின்றிருக்கும் காயம் கிழியும். தாங்கிகளில் ஓட்டை விழுந்திருந்தால், ஆழத்துக்கு இழுத்த பிறகுதான் கப்பல் தாழும். இப்போது அதைத் தாங்கி நிற்பதே அந்த நிலம்தான்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. நீரோட்டம் பலமான ஆற்றில், கப்பல் குறுக்காக மணலில் சிக்கி ஓட்டம் பக்கவாட்டில் அடித்தால், கப்பலைப் புரட்டியே போட்டுவிடும். ஹூக்ளி பழைய காலத்தில் பயங்கரப் பெயர் எடுத்தது இதனால்தான். அப்படிப்பட்ட இடத்தில் மென்மையான சேறு, ஏறும் தண்ணீர், முன்பக்கம் மட்டும் தொட்டது என்றால் பைலட்டும் கப்டனும் உடனே பின்னிழுக்க முடிவெடுக்கலாம். அது அவர்கள் முடிவு. கடெட்டின் கை அந்த லீவருக்குப் போகக் கூடாது.

பிறகு ஒரே மூச்சில் நடக்க வேண்டியவை: பொது அபாய மணி, நீர்புகாக் கதவுகள் மூடல், கப்டன் பிறிட்ஜில் இல்லாவிட்டால் அழைப்பு, ஆட்களை எண்ணுதல். கருவிகளின் பதிவுப் பெட்டியில் "சேமி" பொத்தானை அமுக்குங்கள். பழைய பெட்டிகள் 12 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்காது, பிறகு மேலேயே எழுதிவிடும். அமளியில் இதை மறந்து பிறகு விசாரணையில் தலையில் கை வைத்தவர்கள் அதிகம்.

மற்றக் கப்பல்களுக்குத் தெரிய வேண்டும். பகலில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக மூன்று கறுப்புப் பந்து. இரவில் நங்கூர விளக்குகளோடு, எப்பக்கமும் தெரியும் இரண்டு சிவப்பு விளக்கு, ஒன்றுக்குக் கீழ் ஒன்று. மூடுபனியில் நிமிடத்துக்கு ஒருமுறை மணியை விடாமல் அடிக்கும் முன்னும் பின்னும் மூன்று தனித்தனி அடி. சோதனைத் தாளில் வரும், மனப்பாடம் செய்யுங்கள். கால்வாயில் பின்னால் வரும் கப்பலுக்கு நிற்க இடமில்லை, அதனால் துறைமுகக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் வானொலியின் 16ஆம் அலைவரிசையிலும் உடனே சொல்ல வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால் "பான் பான்" மூன்று தடவை. தண்ணீர் புகுந்து கப்பல் போகும் நிலை என்றால் "மேடே". கப்பலின் பெயர், இடம், தரைதட்டியது, கால்வாயை மறிக்கிறதா இல்லையா, எண்ணெய் கசிகிறதா, ஆட்கள் எத்தனை. அவ்வளவு போதும், கதை சொல்லாதீர்கள்.

எஞ்சின் அறைக்கு ஒரே ஒரு செய்தி: கடல்நீர் உறிஞ்சும் வாயை அடியிலிருந்து மேல்வாய்க்கு மாற்றச் சொல்லுங்கள். சேறு ஏறி ஜெனரேட்டர் நின்றால் விளக்கும் இல்லை, பம்பும் இல்லை.

அளத்தல்: இங்கே அவசரப்பட்டவர் கெட்டார்

முதலில் உள்ளே. எல்லா பலாஸ்ட் தாங்கி (கப்பலைச் சமப்படுத்தத் தண்ணீர் ஏற்றும் தாங்கி), எரிபொருள் தாங்கி, அடித்தட்டுக் குழிகள் எல்லாவற்றிலும் அளவுகோல் இறக்கி, இடிக்கும் முன் இருந்த அளவோடு ஒப்பிடுங்கள். கூடினால் தண்ணீர் புகுகிறது. எரிபொருள் தாங்கியில் குறைந்தால் எண்ணெய் வெளியே போகிறது. ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் அளக்க வேண்டும். ஒருமுறை அளந்து "எல்லாம் சரி" என்றவருக்குக் காலையில் வேறு கதை தெரியவந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வெளியே. கப்பலைச் சுற்றிப் பத்துப் பதினைந்து இடத்தில் ஈயக்குண்டு விட்டு ஆழம் பாருங்கள். குண்டின் அடிக்குழியில் கிறீஸ் தடவினால் நிலத்தின் துணுக்கு ஒட்டி வரும். சேறா, மணலா, சிப்பியா, கல்லா என்று கையில் எடுத்து நசுக்கிப் பார்க்கலாம். ஜீபிஎஸ், ரேடார் எல்லாம் இருக்கும் கப்பலில் இந்தப் பழைய ஈயக்குண்டு ஒன்றும் மூலையில் இருக்கும். வாவியில் கோலைக் குத்தி அடியைப் பார்ப்பவனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கப்பலின் எந்தப் பாகம் நிலத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் ஆழம் கிட்ட இருக்கிறது என்ற படம் இதிலிருந்துதான் வரும்.

மூன்றாவது, முன், நடு, பின் அமிழ்வு அளவுகளை இரு பக்கமும் வாசித்தல். இங்கிருந்து கணக்கு தொடங்குகிறது.

இடிக்கும் முன் சராசரி அமிழ்வு 10.00 மீற்றர், இப்போது 9.60 என்று வையுங்கள். 40 சென்ரிமீற்றர் மேலே ஏறி நிற்கிறது. இந்தக் கப்பலை ஒரு சென்ரிமீற்றர் அமிழ்த்த 50 தொன் வேண்டுமென்றால், 40 × 50 = 2000 தொன். அவ்வளவு பாரத்தை இப்போது தண்ணீர் தாங்கவில்லை, நிலம் தாங்குகிறது. அதை இழுத்து எடுக்க எவ்வளவு விசை? நிலத்தின் உராய்வால் பெருக்க வேண்டும். சேற்றுக்கு 0.2 முதல் 0.3, மணலுக்கு 0.3 முதல் 0.4, பவளப் பாறைக்கு 0.5 முதல் 0.8, கல்லுக்கு அதற்கும் மேலே. மணல் என்றால் 2000 × 0.35 = 700 தொன் இழுவை. நல்ல துறைமுக இழுவைப் படகு ஒன்று 60, 70 தொன் இழுக்கும். பத்துப் படகு வேண்டும். எந்த ஆற்றில் பத்துப் படகு காத்துக்கொண்டிருக்கிறது?

இப்போது இதே கணக்கில் தண்ணீரை 30 சென்ரிமீற்றர் ஏற விடுங்கள். 30 × 50 = 1500 தொன்னைத் தண்ணீர் வாங்கிக்கொண்டது. நிலத்தில் மிச்சம் 500. இழுவை 175 தொன். மூன்று படகு போதும். ஒரு முழத்துக்கும் குறைவான தண்ணீர் ஏழு இழுவைப் படகின் வேலையைச் செய்துவிட்டது. தண்ணீர் இறங்கினால் இதே கணக்கு தலைகீழாக ஓடும். ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் இன்னொரு 50 தொன் நிலத்தில் ஏறும், சரிவான இடமென்றால் கப்பல் சாயத் தொடங்கும். ஆகவே "எப்போது இடித்தது, ஏற்றத்திலா வற்றிலா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. உச்ச ஏற்றத்தில் இடித்தவன் பாவம்.

நம் பிள்ளைகளுக்கு இந்த ஏற்றவற்று மனதில் பதிவது கடினம். நம்முடைய கடலில் அது ஒரு மீற்றருக்கும் குறைவு. வாவியின் மட்டத்தை மாற்றுவது மாரி வெள்ளமும் முகத்துவாரம் வெட்டுவதும்தான். வயல் தாழ்கிறது, வெட்டுங்கள் என்று படுவான்கரையில் கேட்பார்கள், வாவித் தண்ணீர் ஓடிவிடும் என்று மீன் பிடிப்பவர் தயங்குவார். ஹூக்ளியில் தண்ணீர் ஒரு நாளில் இரண்டு முறை பல மீற்றர் ஏறி இறங்குகிறது. பஞ்சாங்கத்தை விட்டாலும் அங்கே ஏற்றவற்று அட்டவணையைக் கைவிடக் கூடாது.

இருக்கும் இடத்தில் இருத்தல்

கேட்க விசித்திரமாக இருக்கும். தரையில் சிக்கிய கப்பலுக்கு அடுத்த சில மணித்தியாலத்தில் செய்யும் வேலை, பலாஸ்ட் தாங்கிகளில் தண்ணீர் ஏற்றி இன்னும் பாரமாக்கி நன்றாக உட்கார வைப்பது. உதவி வரும் முன் தண்ணீர் ஏறினால், அரைகுறையாக மிதக்கும் கப்பலை ஓட்டமும் காற்றும் இன்னும் மேட்டுக்குள் தள்ளும், அல்லது குறுக்காகத் திருப்பிக் கால்வாயையே மறிக்கும். முடிந்தால் ஆழமான பக்கம் நங்கூரம் போட்டு வையுங்கள். எந்தத் தாங்கியில் எவ்வளவு ஏற்றினீர்கள் என்று எழுதி வைக்க மறக்க வேண்டாம், பிறகு அதைத்தான் வெளியேற்றப் போகிறீர்கள்.

தொலைபேசியும் பணமும்

கப்பற் கம்பனியின் கரைப் பொறுப்பாளர், காப்புறுதிக்காரர், துறைமுக அதிகாரி. இவையெல்லாம் கப்டனின் வேலை. உங்கள் வேலை படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போடாமல் இருப்பது. மீட்புக் கம்பனியோடு லொயிட்ஸ் திறந்த ஒப்பந்தம் போடுவதுண்டு. காப்பாற்றினால் கூலி, காப்பாற்றாவிட்டால் கூலி இல்லை. சரக்கையும் சேர்த்துக் காப்பாற்ற இப்படிச் சம்மதிக்கும் அதிகாரம் கப்டனுக்கு உண்டு, கந்தோரிலிருந்து கையெழுத்து வரக் காத்திருக்கத் தேவையில்லை.

கடை வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. கப்பலையும் சரக்கையும் சேர்த்துக் காப்பாற்றச் செலவு வந்தால், கப்பல்காரர் "பொதுச் சேதம்" அறிவிக்கலாம். எவர் ஃபோர்வர்ட் விசயத்தில் அதுதான் நடந்தது. அப்படியானால் ஒவ்வொரு கொள்கலனின் சொந்தக்காரரும் தன் பெறுமதிக்கு ஏற்பப் பங்கு கொடுக்க வேண்டும். உங்கள் பெட்டிக்கு ஒரு கீறலும் இல்லாவிட்டாலும், பங்குக்கு உத்தரவாதம் கொடுக்கும் வரை பெட்டி கைக்கு வராது. கல்முனையில் மின்பொருள் இறக்குமதி செய்பவர் கடல் காப்புறுதி எடுக்காமல் மிச்சம் பிடித்தால், இந்த உத்தரவாதப் பணத்தைத் தன் சட்டைப் பையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

மிதக்க விடுதல்

வரிசை இதுதான்: முதலில் ஏற்றிய பலாஸ்ட்டை வெளியேற்றுதல், பிறகு எரிபொருளை இடம் மாற்றி நிலத்தில் சிக்கிய முனையை இலேசாக்குதல், பிறகு அடியைத் தோண்டுதல், பிறகு சரக்கை இறக்குதல், கடைசியில் உச்ச ஏற்றத்தில் இழுத்தல். சில வேலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நடக்கும். ஆனால் இழுவையில் தொடங்கினால் பெரும்பாலும் கயிறுதான் அறும். கயிறு இழுபடும்போது அதன் நேர்கோட்டில் நிற்காதீர்கள். அறுந்து திரும்பும் கயிறு ஆளைக் கொல்லும்.

எவர் கிவன் என்ற கொள்கலன் கப்பல் 2021 மார்ச் 23இல் சுயஸ் கால்வாயில் குறுக்கே நின்றபோது முன்பக்கத்தில் சுமார் 30,000 கனமீற்றர் மண் தோண்டினார்கள். மார்ச் 28 பங்குனிப் பறுவம். தண்ணீர் வழமையை விட ஏறியது, 29ஆம் திகதி கப்பல் விடுபட்டது. எவர் ஃபோர்வர்டுக்கு முதலில் தோண்டி இழுத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. தோண்டலைத் தொடர்ந்தபடி, பாரந்தூக்கிப் பார்ஜ்களைக் கட்டி சுமார் 500 கொள்கலன்களை இறக்கினார்கள். ஏப்ரல் 16 சித்திரைப் பறுவம், 17 காலை கப்பல் மிதந்தது. 35 நாள். இரண்டு கப்பலும் பறுவத்துக்கு மறுநாள்தான் கிளம்பின. பறுவத்துக்கும் அமாவாசைக்கும் கடல் பெருகும் என்று நம் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மீட்புக் கம்பனிக்காரர் அதைத்தான் அட்டவணையில் பார்த்து நாள் குறிக்கிறார்கள்.

சரக்கு இறக்கும்போது ஒரு எச்சரிக்கை. தரையில் ஒரு பகுதி தாங்க நிற்கும் கப்பலின் சமநிலை, மிதக்கும் கப்பலின் சமநிலையை விடக் குறைவு. மேலே இருந்து இறக்குவதா, கீழே இருந்தா, எந்தப் பக்கம் முதலில் என்பதைக் கணக்குப் பார்ப்பவர் சொல்லாமல் ஒரு பெட்டியும் நகரக் கூடாது.

மிதந்த பிறகு

கைதட்டல் முடிந்ததும் தாங்கிகளைத் திரும்ப அளக்க வேண்டும். நிலம் அடைத்துக்கொண்டிருந்த ஓட்டை இப்போதுதான் திறந்திருக்கும். சுக்கானை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள், எஞ்சினை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கப்பல் அருகில் ஒரு பாதுகாப்பான இடத்தில் நங்கூரமிடும், சுழியோடிகள் அடியைப் பார்ப்பார்கள், தரச்சான்று கொடுக்கும் சங்கத்தின் ஆய்வாளர் கையெழுத்திடாமல் பயணம் தொடராது. எவர் ஃபோர்வர்டும் அனாபோலிஸ் அருகே நின்று சோதனை முடித்து, பால்டிமோருக்குத் திரும்பித்தான் இறக்கிய பெட்டிகளை ஏற்றியது.

கடைசியாக லொக் புத்தகம். இடித்த நேரம், எஞ்சின் நிறுத்திய நேரம், ஒவ்வொரு அளவும் எடுத்த நேரம். பிழையாக எழுதிவிட்டால் அழிக்காதீர்கள், டிப்பெக்ஸ் பூசாதீர்கள். ஒரு கோடு இழுத்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, கையெழுத்திடுங்கள். நள்ளிரவில் அளந்த ஆழத்தைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு நின்றவர்களைக் கண்டிருக்கிறேன். அந்தக் கையைக் கழுவும் முன் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள்.